இரண்டு கதவுகளும் எழுபது மண்மூட்டைகளும்

இரண்டு அறைக் கதவுகளைக் கழற்ற எனக்கும் மகளுக்கும் ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. பிணைச்சல்களின் மேல் ஆண்டுக்கணக்கில் அடித்த வெள்ளைப் பெயின்ற் இறுகிப்போயிருந்தது. திருகாணியின் தலை எங்கே இருக்கிறது என்று கத்தியால் சுரண்டித்தான் கண்டுபிடித்தோம். கழற்றிய கதவுகளை வரவேற்பறைச் சுவரில் சாய்த்து வைத்து, அடிப்பக்கம் வழுக்காமல் இருக்க நிலத்தில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தோம். அம்மா கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளுக்குப் பள்ளியில் பனிப்போர் பாடம் நடக்கிறது. அந்தக் காலத்தில் சாதாரணக் குடும்பங்கள் அணுப்போருக்கு எப்படித் தயாராகின என்று எழுதிக்கொண்டு போகவேண்டுமாம். 1980 மே மாதம் பிரித்தானிய அரசாங்கம் வெளியிட்ட ‘புரொடெக்ட் அண்ட் சர்வைவ்’ என்ற கைநூலை அவள் தேடியெடுத்திருந்தாள். காத்துக்கொள், உயிர்தப்பு என்று பொருள். அன்றைய விலை 50 பென்ஸ். வாசித்துவிட்டு, “அம்மா, இதைச் சும்மா எழுதாம ஒருக்கா செய்து பார்ப்பமா?” என்று கேட்டாள். எனக்கும் ஆசையாக இருந்தது. ஆசை என்று சொல்வது சரியா தெரியவில்லை. 1990இல் எனக்குப் பன்னிரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் பங்கர் வெட்டியவர்களில் நானும் ஒருத்தி. அதனால் இன்னொரு நாட்டின் அரசாங்கம் தன் மக்களுக்குப் பதுங்கிடம் செய்யச் சொல்லிக்கொடுத்த விதத்தைக் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும் போலிருந்தது.

கைநூல் சொல்வது இதுதான். வீட்டுக்குள் ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சுவர்களும் யன்னல்களும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. யன்னல்களைச் செங்கல், மண்மூட்டை, தடித்த தளபாடம் என்று கிடைப்பதால் அடையுங்கள். வீட்டின் மற்ற யன்னல்களுக்கு, வெடிப்பின் வெக்கையைத் திருப்பியனுப்ப, வெள்ளைப் பெயின்றைக் கரைத்துப் பூசுங்கள். பிறகு அந்த அறைக்குள்ளேயே இன்னொரு சின்ன உள்ளறை. கதவுகளைச் சுவரில் சாய்த்து, அவற்றின் மேல் மண்ணோ மணலோ நிரப்பிய பைகளையும் பெட்டிகளையும், புத்தகங்களையும், உடுப்புகளையும் அடுக்குங்கள். மாடிப்படிக்குக் கீழே அலுமாரி இருந்தால் அதையும் இப்படி மாற்றலாம். பெரிய மேசை இருந்தால் அதற்கடியிலும் இருக்கலாம். முதல் இரண்டு நாளும் முழுக் குடும்பமும் அந்த உள்ளறையில். மொத்தம் 14 நாள் அந்த அறையில்.

குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு பைந்த், 14 நாளுக்கு மூன்றரை கலன், அதாவது ஏறத்தாழ 16 லீற்றர் தண்ணீர். கழுவுவதற்கு அதைப்போல இன்னொரு மடங்கு. ரின் உணவு, ரின் திறப்பான், றேடியோ, மேலதிகப் பற்றரிகள். இருக்கை கழற்றிய கதிரைக்கு அடியில் ஒரு வாளி வைத்தால் அதுதான் மலசலகூடம். வீட்டு மலசலகூடத் தொட்டியின் தண்ணீரை யாரும் மறந்துபோய் இழுத்துவிடாதபடி கைபிடியை ரேப்பால் ஒட்டிவிடுங்கள், அல்லது சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். சைரன் ஏறி இறங்கிக் கத்தினால் தாக்குதல். ஒரே சுருதியில் நீண்டு ஒலித்தால் ஆபத்து நீங்கிவிட்டது. அடுத்தடுத்து மூன்று வெடிச்சத்தமோ மூன்று விசிலோ கேட்டால் கதிரியக்கத் தூசி வருகிறது.

பலர் இந்தக் கைநூலைச் சிரித்தே தள்ளிவிட்டார்கள். கதவைச் சாய்த்து அணுகுண்டைத் தடுக்கப்போகிறார்களா என்று. நான் அப்படிச் சிரிக்கமாட்டேன். குண்டு விழும் இடத்துக்குக் கிட்ட இருப்பவர்களை எந்தக் கதவும் காப்பாற்றாது. ஆனால் இந்தக் கதவுகள் வெடிப்பைத் தடுக்க வைத்தவை அல்ல. நிலத்தோடு வெடிக்கும் குண்டு மண்ணைக் கிளப்பி மேலே கொண்டுபோகிறது. அந்த மண் கதிரியக்கம் ஏறிய தூசியாகிக் காற்றோடு நூற்றுக்கணக்கான மைல் போய் விழும். 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்துப் பரிசோதித்த குண்டின் தூசி, தூரத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகில் சாம்பல் போலக் கொட்டியது. அதில் இருந்த 23 பேரும் நோயில் விழுந்தார்கள். அவர்கள் குண்டைக் கண்டது அடிவானத்து வெளிச்சமாக மட்டுந்தான்.

இந்தத் தூசிக்கு எதிராக வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கனம். இறுகிய மண் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் இருந்தால் காமாக் கதிர்வீச்சுப் பாதியாகக் குறையும். இன்னொரு 9 வைத்தால் அந்தப் பாதியிலும் பாதி. 90 சென்ரிமீற்றர் மண்ணுக்குப் பின்னால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். மற்றது காலம். நேரம் ஏழு மடங்காகும்போது கதிர்வீச்சுப் பத்தில் ஒன்றாகிறது. வெடித்து ஒரு மணித்தியாலத்தில் இருப்பதை 100 என்று வைத்தால், 7 மணித்தியாலத்தில் 10, இரண்டு நாளில் 1, இரண்டு கிழமையில் அதிலும் பத்தில் ஒன்று. முதல் இரண்டு நாளும் உள்ளறையை விட்டு அசையவேண்டாம், 14 நாள் அறையை விட்டு வெளியே வரவேண்டாம் என்று சொன்னதன் கணக்கு இதுதான். மகள் இதைக் கொப்பியில் கோடுபோட்டு வரைந்து காட்டியபோது எனக்கே அப்போதுதான் முழுதாக விளங்கியது.

சரி, கணக்கு சரி. செய்து பார்த்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

கதவொன்று இரண்டு மீற்றர் உயரம், முக்கால் மீற்றர் அகலம். இரண்டு கதவுக்கும் சேர்த்து மூன்று சதுர மீற்றர். அதன்மேல் 30 சென்ரிமீற்றர் கனத்துக்கு மண் போடவேண்டுமென்றால் ஒரு தொன்னுக்கும் மேலே போகிறது. இருபது கிலோ மூட்டையாகக் கட்டினால் ஏறத்தாழ எழுபது மூட்டை. பின்வளவு மண் லண்டன் களிமண். மழைக்குப் பிறகு மண்வெட்டியில் அப்பிக்கொண்டால் இலகுவில் விடாது. இருவருமாக ஒரு மணித்தியாலத்தில் ஒன்பது மூட்டை கட்டிக்கொண்டு வந்தோம். ஒன்பதாவதை மேலே தூக்கி வைத்தபோது கதவு முறுகிச் சத்தம் போட்டது. பார்த்தால் நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. மூட்டைகளை இறக்கிவிட்டுக் கதவின் வெடித்த விளிம்பைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே மரமே இல்லை. தேன்கூடு மாதிரி மடித்த கடதாசி மட்டை. இப்படியான கதவுகள் 1980இலேயே இங்கே புதிய வீடுகளுக்கு வந்துவிட்டன. கைநூலைப் படித்து அப்படியே செய்ய முனைந்த எத்தனையோ தகப்பன்மாரும் தாய்மாரும் இதே சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். அதை அவர்கள் கடைசி நாளில் கேட்டிருப்பார்கள் என்பதுதான் என்னை வருத்துகிறது.

அம்மா அப்போதுதான் வாய் திறந்தார்.

“இதுக்குள்ள ஆர் ஆர் இருக்கிறது?”

“நாங்கள் நாலு பேரும், அம்மம்மா.”

“அப்ப பக்கத்து வீட்டு மனிசி?”

மகள் என்னைப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் எண்பது தாண்டிய ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் தனியாக இருக்கிறார். கைநூலில் அவருக்கு எங்கேயாவது இடம் இருக்கிறதா என்று தேடினோம். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு பத்தி உண்டு. கட்டடம் ஐந்து மாடியோ அதற்கு மேலோ என்றால் மேல் இரண்டு மாடியிலும் பதுங்கவேண்டாம், வீட்டுச் சொந்தக்காரருடனோ, கீழ்மாடி அயலவருடனோ, உறவினர் நண்பர்களுடனோ பேசி வேறு ஒழுங்கு செய்துகொள்ளுங்கள் என்று அது சொல்கிறது. அயலவர் என்ற பேச்சு நான் கண்டமட்டில் அந்த ஒரு இடத்தில்தான் வருகிறது. நான் இந்த நாட்டுக்கு வந்து முதலில் இருந்தது பதினொரு மாடிக் கட்டடத்தில், பத்தாவது மாடி. எனக்குக் கீழே ஒன்பது மாடி நிறைய ஆட்கள். யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. போர் வரப்போகும் கடைசி நேரத்தில் யாருடைய கதவைத் தட்டி, “உங்கள் வீட்டில் இரண்டு கிழமை இருக்கலாமா” என்று கேட்டிருப்பேன்?

எங்கள் ஒழுங்கையில் பங்கர் வெட்டியது ஆறு வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்தில் பல இடங்களில் மூன்று நாலு அடி தோண்டினால் சுண்ணாம்புக்கல் வந்துவிடும். அதனால் பாதி நிலத்துக்குக் கீழே, பாதி மேலே என்றுதான் கட்டவேண்டியிருந்தது. இளைப்பாறிய வாத்தியார் ஒருவர் கயிறு பிடித்து அளந்து, ‘ட’ வடிவத்தில் வெட்டச் சொன்னார். வாசலுக்கு நேரே ஷெல் விழுந்தாலும் சிதறல் மூலை திரும்பி உள்ளே வராது. ஒரு வீட்டுக்காரர் தங்கள் வளவுப் பனையில் இரண்டைத் தறிக்கத் தந்தார். பனங்குற்றிகளைக் குறுக்கே அடுக்கி, அதன்மேல் தகரம், அதன்மேல் உரப்பைகளில் கட்டிய மண். பெண்கள் மண் அள்ள, பிள்ளைகள் நாங்கள் பை பிடிக்க, மூன்று நாள். முடித்த பிறகுதான் மழைக்காலம் வந்து முழங்கால்வரை தண்ணீர் நின்றது. வாளிபோட்டு இறைத்தோம். ஒருநாள் உள்ளே பாம்பு கிடந்தது. அதற்குப் பிறகு யாராவது ஒரு பெரியவர் டோர்ச்சோடு முதலில் இறங்கவேண்டும் என்று ஒரு வழக்கம் வந்தது. தண்ணீர் நிற்கும், பாம்பு வரும், கைக்குழந்தை வைத்திருப்பவர் வாசலுக்குக் கிட்ட இருக்கவேண்டும், மூட்டுவலிக்காரருக்கு ஒரு வாங்கு வேண்டும் என்று ஒவ்வொன்றாக இருந்து பார்த்துத்தான் அறிந்துகொண்டோம்.

ஷெல்லும் அணுகுண்டும் ஒன்றல்ல, அது எனக்குத் தெரியும். ஷெல்லடி அரை மணித்தியாலத்தில் ஓய்ந்துவிடும். வெளியே வந்து அடுப்பு மூட்டலாம். காற்றில் நஞ்சு நிற்காது. நான் ஒப்பிட வருவது குண்டுகளை அல்ல, ஆயத்தத்தை. பதுங்கிடம் என்பது முன்கூட்டியே செய்து, உள்ளே இருந்து பார்த்து, பிழைகளைத் திருத்தி வைத்திருக்கவேண்டிய ஒன்று. அதற்குப் பல கைகள் வேண்டும். பிரித்தானியக் கைநூலின் பெரிய குறை அதில் எழுதியிருந்தது எதுவுமல்ல, அதை எப்போது கொடுக்க நினைத்தார்கள் என்பதுதான்.

1970களின் நடுவிலேயே இந்த அறிவுரைகள் தயாராகிவிட்டன. வீட்டு வீடாகக் கொடுக்கும் எண்ணமும் இருந்தது. ஆனால் போர் வரப்போகிறது என்று உறுதியான கடைசி நேரத்தில் மட்டும். தொலைக்காட்சிக்கென்று இருபது குறும்படங்கள், எளிமையான கேலிச்சித்திர பாணியில், எடுத்துப் பூட்டி வைத்திருந்தார்கள். 1980 ஜனவரியில் பத்திரிகையில் விஷயம் வெளியே வந்தது. மார்ச்சில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி அந்தப் படங்களின் துண்டுகளைக் காட்டியது. மக்கள் கேட்கத் தொடங்கிய பிறகுதான் மே மாதம் கைநூல் கடைக்கு வந்தது. கேட்டிராவிட்டால் ஐந்தரைக் கோடிப் பேரும் அந்தக் கடைசிச் சில நாளில் மண்ணுக்கும் பைக்கும் ரின் உணவுக்கும் பற்றரிக்கும் கடைகடையாக அலைந்திருப்பார்கள். ஒரு வீட்டுக்கு எழுபது மூட்டை. ஓர் ஒழுங்கைக்கு, ஒரு நகரத்துக்கு எத்தனை?

முன்பு இப்படி இருக்கவில்லை என்பது எனக்கு இன்னும் மனவருத்தம் தருகிறது. 1949இல் இந்த நாட்டில் குடிமக்கள் பாதுகாப்புப் படை ஒன்றை உருவாக்கினார்கள். இலட்சக்கணக்கான தொண்டர்கள் சேர்ந்தார்கள். இடிபாட்டிலிருந்து ஆட்களை எடுக்க, முதலுதவி செய்ய, ஒழுங்கையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கு வைத்திருக்கப் பயின்றார்கள். 1950களில் பெண்கள் தொண்டுச் சேவையினர், ஐந்து பெண்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கவேண்டும் என்று, வீடுகளிலும் மண்டபங்களிலும் பத்துப் பன்னிரண்டு பேராகக் கூட்டி வைத்து அணுத்தாக்குதல் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். உடைந்த செங்கல்லை அடுக்கி அடுப்புக் கட்டி நூறு பேருக்குச் சமைக்கவும் பழக்கினார்கள். 1968இல் செலவைக் குறைப்பதற்காக அந்தப் படையைக் கலைத்துவிட்டார்கள். பிறகு மிஞ்சியது ஒரு புத்தகம், அதுவும் பூட்டிய அலுமாரிக்குள்.

கலைக்காமல் விட்ட ஒன்று, குண்டு எங்கே வெடித்தது, தூசி எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்வதற்கான அவதானிப்புப் படை. நாடு முழுக்க 1,563 நிலக்கீழ் அறைகள் கட்டியிருந்தார்கள். 1968இல் அவற்றிலும் ஏறத்தாழப் பாதியை மூடினார்கள். மிச்சம் 1991வரை இயங்கியது. புனரமைத்து வைத்திருக்கும் ஒன்றுக்கு இரண்டு வருடம் முதல் போயிருந்தேன். வயல் நடுவில் ஒரு இரும்பு மூடி. செங்குத்து ஏணியில் ஐந்து மீற்றர் அளவு இறங்கினால் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, இரண்டடுக்குக் கட்டில், இரசாயன மலக்கூடம். மூன்று பேர் அங்கே இருக்கவேண்டும். எல்லோரும் சம்பளமில்லாத பகுதிநேரத் தொண்டர்கள், ஊரில் கடை வைத்திருப்பவர், ஆசிரியர், தோட்டக்காரர். குண்டு வெடித்தால் காற்றழுத்தத்தைக் கருவியில் பார்த்துத் தொலைபேசியில் சொல்வது ஒருவர் வேலை. வெடித்த திசையையும் உயரத்தையும் அறிய மேலே ஒரு கருவி. வட்டமான தகரப் பெட்டி, நாலு பக்கமும் ஊசித்துளை, உள்ளே ஒளிபடும் கடதாசி. வெடிப்பின் வெளிச்சம் கடதாசியில் புள்ளியாகப் பதியும். அந்தக் கடதாசியை எடுக்க, வெடித்துச் சற்று நேரத்தில், மூன்றாவது ஆள் மூடியைத் திறந்து மேலே ஏறவேண்டும்.

அந்த ஏணியின் அடியில் நின்று மேலே தெரிந்த வெளிச்சச் சதுரத்தைப் பார்த்தேன். மேலே ஏறிப்போன அந்தத் தோட்டக்காரரின் மனைவி பிள்ளைகள் அப்போது எங்கே இருந்திருப்பார்கள்? வீட்டில், சாய்த்த கதவுகளுக்குக் கீழே. தன்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் எச்சரிக்கை போகவேண்டும் என்பதற்காக இப்படி ஒரு வேலையை முப்பது வருடம் கிழமைக்கிழமை பயின்றவர்கள் இருந்தார்கள். இவர்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அணு ஆயுதங்களை நான் முழுமனதோடு வெறுக்கிறேன். ஆனாலும் இந்தத் தொண்டர்கள்மீது எனக்குள்ள மதிப்பு குறையாது.

1980 செப்டெம்பரில் அரசாங்கம் ஒரு போர்ப் பயிற்சி நடத்தியது. 131 அணுகுண்டுகள், மொத்தம் 200 மெகாதொன்னுக்கு மேல், நாட்டில் விழுவதாகக் கற்பனை. அதில் 2 கோடியே 90 இலட்சம் பேர், பாதிக்கும் மேல், இறந்துவிடுவார்கள் என்று கணக்கு வந்தது. கைநூல் இந்த எண்ணிக்கையைச் சொல்லவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் மான்செஸ்ரர் மாநகரசபை தன்னை அணு ஆயுதமற்ற பகுதியாக அறிவித்தது, வேறு பல சபைகள் பின்தொடர்ந்தன. 1982இல் பெரிய ஒத்திகை ஒன்றுக்குப் பல சபைகள் ஒத்துழைக்க மறுத்ததால் அது நடக்கவே இல்லை. மறுத்தவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. மக்களுக்கு ஒரு கைநூலைக் கொடுத்துவிட்டால் அணுப்போர் தாங்கக்கூடிய ஒன்று என்ற எண்ணம் ஆள்பவர்களுக்கே வந்துவிடும். ஆனால் அதற்காக, தூசி வந்தால் என்ன செய்வது என்று மக்களுக்குத் தெரியாமல் இருப்பது நல்லது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. நான் ஷெல்லடியில் வளர்ந்தவள். தெரிந்திருப்பதால் உயிர்தப்பியவர்களைக் கண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் 1961 ஜூலையில் கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி, வீடுகளில் பதுங்கிடம் வேண்டும் என்று பேசினார். உடனே வந்த விவாதம், கடைசி நேரத்தில் அயலவன் வந்து கதவைத் தட்டினால் சுடலாமா என்பது. தடுத்து விரட்ட உரிமை உண்டு என்று ஒரு கத்தோலிக்கக் குரு சஞ்சிகையில் எழுதினார். வேறு மதகுருமார் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். சுவிற்சர்லாந்து வேறு வழி எடுத்தது. 1963இல் சட்டமே போட்டு, ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு பதுங்கிட இடம் என்று கட்டிக்கொண்டே வந்தார்கள். லுசேர்ன் நகரில் நெடுஞ்சாலைச் சுரங்கத்தையே 20,000 பேருக்கான பதுங்கிடமாக அமைத்தார்கள். அதன் கதவுகள் ஒன்றரை மீற்றர் கனம், ஒவ்வொன்றும் 350 தொன். 1987இல் ஒத்திகை பார்த்தபோது ஒரு கதவு முழுதாகச் சாத்துப்படவில்லை. பார்த்தபடியால்தானே தெரிந்தது. இந்தியாவில் 2013 ஜனவரியில் காஷ்மீர்ப் பொலிஸ் உள்ளூர்ப் பத்திரிகையில் ஓர் அறிவித்தல் போட்டது. முழுக் குடும்பமும் இரண்டு கிழமை தங்கக்கூடிய, மலசலகூடத்தோடு கூடிய நிலவறை கட்டுங்கள், உணவும் தண்ணீரும் மெழுகுதிரியும் சேமியுங்கள் என்று. வழமையான விழிப்புணர்வுதான் என்று அதிகாரிகள் பிறகு விளக்கம் கொடுத்தார்கள். ஸ்ரீநகரில் ஒரு வாடகை அறையில் ஐந்து பேராக இருக்கும் குடும்பம் அந்தப் பத்திரிகையை வாசித்துவிட்டு எங்கே போய் நிலவறை தோண்டும்?

கைநூலில் ஒரு பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அவரே கேட்டார். “செத்தவையைப் பற்றி என்ன போட்டிருக்கு?”

போட்டிருக்கிறார்கள். பதுங்கியிருக்கும்போது ஒருவர் இறந்தால் உடலை வேறு அறைக்கு மாற்றி, முடிந்தவரை நன்றாக மூடுங்கள். யாருடைய உடல் என்று எழுதிக் கட்டுங்கள். றேடியோவில் அறிவுறுத்தல் வரும். ஐந்து நாளாகியும் வராவிட்டால், வெளியே போவது பாதுகாப்பானதும், தற்காலிகமாகப் புதைத்து அந்த இடத்தில் ஓர் அடையாளம் வையுங்கள்.

மகளின் முகம் மாறிவிட்டது. அம்மா, “அஞ்சு நாளோ?” என்று மட்டும் கேட்டார். பிறகு மகளுக்கு அவர் சொன்ன கதையை நான் முன்பே அறிவேன், ஆனால் அவர் வாயால் முழுதாகக் கேட்டது அன்றுதான். எங்கள் பங்கருக்குக் கயிறு பிடித்த அந்த வாத்தியார், அதே பங்கருக்குள் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். ஷெல்லில் அல்ல. சுடலைக்குக் கொண்டுபோக வழியில்லை, இரண்டு நாளாக அடி ஓயவில்லை. எரிக்கவேண்டிய உடலைப் புதைக்கிறோமே என்று அவருடைய மனைவி அழுததை அம்மா அப்படியே சொன்னார். வேட்டியால் மூடி, பாயில் சுற்றி, வேலியோரம் தாட்டுவிட்டு, இடம் தெரியவேண்டும் என்று ஒரு செவ்வரத்தைத் தடியை ஊன்றினார்கள். “அது தளைச்சிட்டுது,” என்றார் அம்மா. “பிறகு மகன் வந்து கிரியை செய்யேக்க பூத்திருந்தது.”

கைநூலை எழுதிய அலுவலரை நான் அறியேன். ஆனால் இந்தப் பக்கத்தை எழுதத் துணிந்ததற்காக அவருக்கு நன்றி சொல்லத் தோன்றியது. ஐந்தாம் நாள் ஒரு தாய் தனியாக முடிவெடுக்கவேண்டி வரும் என்பதை அவர் நினைத்துப் பார்த்திருக்கிறார்.

றேடியோவைப் பற்றியும் ஒன்று. பிபிசி தாக்குதலுக்குப் பிறகு ஒலிபரப்புவதற்கென்று ஓர் அறிவித்தலை எழுதி வைத்திருந்தது. வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள், உணவை அளவாகப் பங்கிட்டு உண்ணுங்கள், 14 நாளோ அதற்கு மேலோ தாக்குப்பிடிக்க வேண்டியிருக்கும் என்ற பாணியில் போகிறது. 2008இல் அந்தப் பிரதி வெளியானது. அதைக் கேட்கப் பற்றரி வேண்டும். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரியே வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து றேடியோவுக்குக் கொடுத்து, பிபிசியின் தமிழோசை கேட்போம். சுற்றுகிறவர் களைத்தால் குரல் மங்கும், அடுத்தவர் கைமாறுவார். ஒரு செய்தியைக் கேட்க ஐந்து பேர் வேண்டியிருந்தது.

இப்போது சுவீடன் செய்வதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. 2018இல், பிறகு 2024 நவம்பரில் மறுபடியும், நெருக்கடியோ போரோ வந்தால் என்ன செய்வது என்ற கைநூலை அங்கே எல்லா வீடுகளுக்கும் தபாலில் அனுப்பினார்கள். கிட்டத்தட்ட ஐம்பது இலட்சம் வீடுகள். பூட்டி வைக்கவில்லை, காசு கேட்கவில்லை, பல மொழிகளில் கொடுத்தார்கள். இங்கேயும் 2024 மே மாதத்திலிருந்து அரசாங்கம் இணையத்தில் அறிவுரை வைத்திருக்கிறது. அணுப்போருக்கென்று அல்ல, வெள்ளம், மின்வெட்டு எல்லாவற்றுக்குமாக. குடிக்க ஆளுக்கு நாளுக்கு இரண்டரையிலிருந்து மூன்று லீற்றர், சமையலும் கழுவலும் சேர்த்தால் பத்து லீற்றர் என்று சொல்கிறது. ஆனால் தேடிப்போய்ப் பார்ப்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கணினி இல்லை.

அடுத்த நாள் மகளும் அம்மாவும் அவரிடம் போனார்கள். அப்பம் கொடுக்கப் போனவர்கள் ஒன்றரை மணித்தியாலம் கழித்துத்தான் வந்தார்கள். அவர் 1980இல் அந்தக் கைநூலை 50 பென்ஸ் கொடுத்து வாங்கியிருக்கிறார். ஓர் இரவு சாப்பாட்டு மேசையில் வைத்துக் கணவரும் அவரும் முழுதாக வாசித்தார்களாம். மாடிப்படிக்குக் கீழுள்ள அலுமாரி இவர்கள் இருவருக்கும் போதும். ஆனால் அந்நேரம் எங்கள் வீட்டில் இருந்த குடும்பத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் அந்த அலுமாரி அப்போது இல்லை. சைரன் கத்தினால் பிள்ளைகளை வேலிக்கு மேலால் தூக்கித் தருமாறு சொல்லி வைத்திருந்தார்களாம். அதற்காகவே வேலியில் ஒரு பலகையைக் கணவர் ஆணி தளர்த்தி விட்டிருந்தார் என்று மகளைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். வேலி பிறகு மாற்றிவிட்டார்கள், இடத்தை மட்டும் காட்டினார்.

கதவுகளில் ஒன்றைத் திரும்பப் பூட்டிவிட்டோம். பள்ளம் விழுந்தது இன்னும் சுவரில் சாய்ந்தபடி இருக்கிறது, புதிது வாங்கவேண்டும். எங்கள் மாடிப்படிக்குக் கீழ் இப்போது அலுமாரி இருக்கிறது. அதற்குள் கிடந்த பழைய சப்பாத்துகளை அம்மா வெளியே எறிந்துவிட்டு, பத்து லீற்றர் தண்ணீர்க் கான்கள் ஐந்து வாங்கி நிரப்பி வைத்தார். ஒவ்வொன்றிலும் வெள்ளை ரேப் ஒட்டி, கறுப்புப் பேனாவால் பெயர் எழுதினார். ஐந்தாவதில், பக்கத்து வீட்டு அம்மாவின் பெயரை எப்படித் தமிழில் எழுதுவது என்று மகளிடம் இரண்டு தரம் கேட்டு, எழுத்துக்கூட்டி எழுதினார்.